மாஞ்சோலைத் தேயிலைச் சரிவு மழைக்காடாக வேண்டுமென்றால் விதை சேகரிப்பு இப்போதே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்ட மலையிலுள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் இரண்டு கேள்விகளையே சுற்றி வருகின்றன. தொழிலாளர்கள் எங்கே போவார்கள்? நிலம் யாருக்குப் போகும்? முதல் கேள்வி இன்றும் வலிக்கிறது. இரண்டாவதற்கு விடை ஏறத்தாழ முடிவாகிவிட்டது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட சுமார் 8,374 ஏக்கரின் குத்தகைக் காலம் 2028 பிப்ரவரியில் முடிகிறது. தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமே தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்ட மனுக்களை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் நடுவில் இருக்கும் இந்த நிலம் காட்டோடு சேரப்போகிறது. எப்படிச் சேரும் என்ற மூன்றாவது கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

“ஆள் போனால் போதும், பத்து வருஷத்தில் காடு தானாக மூடிவிடும்” என்று பலரும் சொல்கிறார்கள். பச்சையாக ஏதோ ஒன்று மூடும் என்பது உண்மைதான். அது மழைக்காடாக இருக்காது. தேயிலை இயல்பில் மரம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, வாரந்தோறும் கொழுந்து பறிப்பதால்தான் அது இடுப்பளவில் நிற்கிறது. பழைய முறையில் நான்கடிக்கு நான்கடி நட்ட தோட்டத்தில் ஏக்கருக்கு 2,700 செடி இருக்கும். கவாத்தை நிறுத்தினால் அத்தனையும் ஒன்றோடொன்று போட்டி போட்டு இருபதடிக்கு மேல் உயர்ந்து, கீழே வெளிச்சமே விழாத ஒரே இனத் தோப்பாகிவிடும். அதற்குள் விழுகிற விதை முளைக்கும், ஆனால் மேலே வராது. செடி செத்து இடைவெளி விழுந்த இடங்களை உண்ணிச்செடி, கம்யூனிஸ்ட் பச்சை போன்ற அந்நியக் களைகள் பிடித்துக்கொள்ளும். மிகானியா கொடி வந்துவிட்டால் தப்பிப் பிழைத்த கன்றையும் போர்த்தி அமுக்கிவிடும்.

பக்கத்திலேயே நல்ல காடு இருக்கிறதே, விதை வராதா என்று கேட்கலாம். எந்த மரத்தின் விதை என்பதைப் பொறுத்தது அது. மாஞ்சோலை மலையிலுள்ள காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களைச் சுற்றியுள்ள காட்டின் முதுகெலும்பு மூன்று மரங்கள்: வெடிப்பலா, நாங்கு, பாலி. மூன்றுமே கனத்த விதை உடையவை. வெடிப்பலா கோடையில் கிளை மறையப் பூக்கும். வேறு பழம் அரிதான அந்த மாதங்களில் சோலைமந்தி, மலையணில், பழந்தின்னி வௌவால், மரநாய் எல்லாம் அதன் சதைப்பற்றான பூவைத் தின்று காலம் தள்ளும். பிறகு காயை உடைத்து விதையையும் மந்தி தின்னும். தப்பிய விதை பெரும்பாலும் தாய்மரத்தின் அடியிலேயே விழுகிறது. காட்டு ஜாதிக்காயின் விதையைத் தூக்கிப்போக இருவாச்சிப் பறவையோ பெரிய மலைப்புறாவோ வேண்டும். திறந்த தேயிலை வெளியில் இருவாச்சி எதற்கு இறங்கும்? சின்னான், குக்குறுவான் போன்ற சிறு பறவைகள் கொண்டுவருவது சிறு விதைகளை. அதனால் தேயிலைக்கு நடுவே முதலில் முளைப்பவை அத்தி இனங்களும் வட்டக்கண்ணி போன்ற சீக்கிரம் வளரும் மரங்களும்தான். அவையும் தேவை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், பழமும் பூவும் ஆண்டு முழுதும் கிடைக்கிற, மந்தி தரையிறங்காமல் கிளை வழியே போகிற காடு பல தலைமுறைக்கு வராது.

இந்த வேலையைச் செய்து பார்த்த இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. வால்பாறையில் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே தீவுகளாகச் சிக்கிய மழைக்காட்டுத் துண்டுகளில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுக்கும் மேலாகக் களை நீக்கி, அந்த மண்ணின் மரங்களைக் கலந்து நட்டுவருகிறார்கள். பலன் என்ன என்று அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். களை நீக்கி நட்டு 7 முதல் 15 ஆண்டு ஆன இடம் ஒன்று, அதே காட்டுத் துண்டில் தானாக வளர விட்ட இடம் ஒன்று என 25 இணைகளை எடுத்து, அதிகம் சிதையாத காட்டின் 17 இடங்களோடு ஒப்பிட்டார்கள். விதான மூட்டம், மரங்களின் அடர்த்தி, இனங்களின் எண்ணிக்கை, மரத்தில் சேர்ந்த கார்பன் எல்லாமே நட்ட இடத்தில் கூடியிருந்தன. விட்ட இடத்துக்கும் நல்ல காட்டுக்கும் உள்ள இடைவெளியில், அளவைக்கு அளவை வேறுபட்டு, 14 முதல் 82 விழுக்காடு வரை அடைபட்டிருந்தது. மரத்தின் உயரத்துக்கும் பருமனுக்கும் உள்ள விகிதமும், இளங்கன்றுகளில் நாட்டு இனங்களின் பங்கும் எல்லா இடத்திலும் சீராக மீளவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மாஞ்சோலைக்கு மிகவும் தேவையான முடிவு இன்னொன்று. தொடர்ச்சியான நல்ல காட்டிலிருந்து இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு நடவினால் இன வளத்தில் கிடைக்கும் பலன் கூடுகிறது.

ஆகவே எல்லா ஏக்கரிலும் நட வேண்டியதில்லை. குத்தகை நிலத்தில் தேயிலை ஒரு பகுதிதான், மீதியில் காடு நிற்கிறது. அந்தக் காட்டு ஓரத்திலிருந்து ஐம்பது, அறுபது மீட்டருக்குள் இருக்கும் தேயிலையில் களையை எடுத்து, தேயிலையை அடக்கி, தானாக முளைப்பதைக் காப்பாற்றினால் போதும். நடவு முழுவதையும் இரண்டு இடங்களில் குவிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. முதலாவது ஓடைக்கரைகள். இரு கரையிலும் முப்பது மீட்டர் அகலத்துக்கு நட்டால், இரு பக்கத்துக் காடும் கைகோக்க அதுவே குறுகிய வழி. மண்ணும் ஈரமாக இருப்பதால் கன்று நன்றாகப் பிடிக்கும். இரண்டாவது, காட்டு ஓரத்திலிருந்து தொலைவில் இருக்கும் நடுச்சரிவுகள்.

இரண்டரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு சுமார் 650 கன்று. ஆயிரம் ஏக்கர் என்றால் ஆறரை லட்சம். இவற்றில் பெரும்பாலானவை எந்த அரசு நாற்றங்காலிலும் கிடைக்காத இனங்கள். அவசரம் இங்கேதான் இருக்கிறது. புங்கன் போலவோ தேக்கு போலவோ மூட்டை கட்டி வைத்து வேண்டும்போது விதைக்கிற விதை அல்ல இவை. வெடிப்பலா, பாலி, நாங்கு, காட்டு ஜாதிக்காய் எல்லாம் ஈரத்தோடு விழுந்து ஈரத்தோடு முளைப்பவை. வெயிலில் காயவைத்தாலோ குளிர்பெட்டியில் வைத்தாலோ உயிர் போய்விடும். எடுத்த சில நாட்களுக்குள் விதைத்தாக வேண்டும். விதைத்த பிறகும் நிழலில் பழகிய இந்த இனங்கள் நடவுக்கேற்ற ஒன்றரை அடி உயரம் வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு எடுக்கும். 2028 ஜூன் மழையில் கன்று நடவேண்டுமென்றால், அதன் விதை 2026-லேயே நாற்றுப் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். குத்தகை முடிந்த பிறகு கோப்பு எழுதி, நிதி கேட்டு, ஒப்பந்தம் விட்டுத் தொடங்கினால் மூன்று ஆண்டு வீணாகும். அதற்குள் தேயிலை மரமாகியிருக்கும்.

விதையை எங்கே எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். காட்டுக்குள் போய் மரத்தடியைப் பெருக்கக்கூடாது. மந்திக்கும் முள்ளம்பன்றிக்கும் அது சாப்பாடு. மணிமுத்தாறிலிருந்து ஊத்து வரை போகும் சாலையிலும் எஸ்டேட் பாதைகளிலும் விழுந்து சக்கரத்தில் நசுங்கும் விதைகளையும், சாலையோர வாய்க்காலில் முளைத்து அடுத்த துப்புரவில் வெட்டுப்படப்போகும் நாற்றுகளையும் எடுத்தாலே நிறையச் சேரும். ஒரே மரத்தடியில் மூட்டையாக அள்ளாமல், ஒவ்வோர் இனத்துக்கும் தூரதூரமாக நிற்கும் பத்துப் பதினைந்து தாய்மரங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஆண்டு முழுதும் ஏதோ ஒரு மரம் காய்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறையாவது ஒரே பாதையில் நடந்து பார்க்கும் ஆள் தேவை. வெடிப்பலா எல்லா ஆண்டும் ஒரே மாதிரி காய்க்காது. நல்ல காய்ப்பு ஆண்டைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

உயரமும் முக்கியம். வெள்ளைக் குங்கிலியம் அழகான மழைக்காட்டு மரம்தான். ஆனால் அது தாழ்ந்த மலைச்சரிவுக்கு உரியது, காக்காச்சி உயரத்துக்கு அல்ல. வெளியூர் நாற்றங்காலில் ‘மழைக்காட்டு மரம்’ என்று எழுதியிருப்பதை லாரியில் ஏற்றிவருவது, அந்த இடத்துக்கு இல்லாத காட்டை உண்டாக்கும் வேலை. கன்றோடு வரும் மண்ணில் வேறு மலையின் களையும் நத்தையும் சேர்ந்து வரும்.

நாற்றங்கால் தோட்டத்துக்குள்ளேயே, நடவு இடத்தின் உயரத்திலேயே இருக்க வேண்டும். ஆறங்குல அகலம், ஒன்பதங்குல உயரம் உள்ள பை போதும். மண்ணைக் காட்டிலிருந்து வெட்டாமல் தோட்ட மண்ணோடு மக்கிய எருவைக் கலந்துகொள்ளலாம். பாதி நிழல் தரும் வலையின் கீழ் வளர்த்து, நடுவதற்கு இரண்டு மாதம் முன்பு நிழலைச் சிறிது சிறிதாக விலக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே சரிவுக்குக் கொண்டுபோன கன்றின் இலை ஒரே வாரத்தில் கருகும். பையில் இரண்டு ஆண்டுக்கு மேல் விட்டாலும் ஆபத்து. வேர் பைக்குள் சுருண்டுவிட்டால், நட்ட பிறகும் அதே சுருளில் சுற்றி நான்காம் ஐந்தாம் ஆண்டுக் காற்றில் சாயும்.

நடவு ஜூனில், இரண்டு நல்ல மழை விழுந்து மண் ஆழம் வரை நனைந்த பிறகு தொடங்க வேண்டும். இந்த மலைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் இங்கே கொட்டுகின்றன. தினசரி மழைப் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு பெயர்கள் அடிக்கடி மேலே இருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஜூனில் இறங்கிய கன்றுக்கு டிசம்பர் வரை ஈரம் கிடைப்பதால் ஜனவரி முதல் மே வரையான வறட்சியைத் தாங்கும் ஆழத்துக்கு வேர் போய்விடும். கன்று செத்த இடங்களுக்கு அக்டோபரில் மாற்றுக் கன்று வைக்கலாம். குழி ஓரடிக்கு ஓரடி. இவ்வளவு மழையில் பாத்தி கட்டினால் நீர் தேங்கி வேர் அழுகும் என்பதால், மண்மட்டம் சுற்றுப்புறத்தைவிட சற்றே மேலே இருக்கட்டும். பையை முழுவதும் கிழித்து எடுத்து, எண்ணி, மலையை விட்டு இறக்க வேண்டும். வெட்டிய தேயிலைக் குச்சியையும் களையையும் தண்டில் படாமல் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும். ரசாயன உரம் தேவையில்லை. அது முதலில் வளர்ப்பது களையைத்தான்.

ஓர் ஏக்கரில் குறைந்தது ஐம்பது இனமாவது கலந்திருக்க வேண்டும். வெயில் விழும் திறந்த சரிவில் வட்டக்கண்ணி, அத்தி இனங்கள், சந்தன வேம்பு போன்றவை கூடுதலாகவும், நிழல் இருக்கும் இடத்தில் வெடிப்பலா, பாலி, நாங்கு, நாவல் இனங்கள், கருங்குங்கிலியம், ருத்திராட்சம் கூடுதலாகவும் வைக்க வேண்டும். நிழல் மரத்தை வெட்டவெளியில் வைத்துவிட்டு “பிடிக்கவில்லை” என்று எழுதுவது கன்றின் குற்றமல்ல.

தேயிலையை என்ன செய்வது? பொக்லைன் வைத்துப் பிடுங்கலாம் என்று யோசனை வந்தால் அதை முளையிலேயே தடுக்க வேண்டும். நூறாண்டு வேர்தான் இன்று அந்தச் சரிவின் மண்ணைப் பிடித்திருக்கிறது. ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் பிடுங்கினால் மேல்மண் மணிமுத்தாறு அணைக்குப் போய்ச் சேரும். கன்று வைக்கும் புள்ளியைச் சுற்றி இரண்டு மூன்று செடிகளை மட்டும் தூரோடு எடுத்து, மற்ற செடிகளை முழங்கால் உயரத்துக்கு ஆழக் கவாத்து வெட்ட வேண்டும். கன்று தேயிலையைத் தாண்டி எழும் வரை ஆண்டுக்கு ஒருமுறை அதே உயரத்தில் வெட்ட வேண்டும். மேலே மரநிழல் மூடியதும் தேயிலை தானே நலிவடையும். பூத்துக் காய்க்க விடாமல் வைத்திருந்தால் காட்டுக்குள் பரவவும் வழியில்லை.

நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களிலும் அவசரம் கூடாது. அது ஆஸ்திரேலிய மரம், காட்டுக்கு அந்நியம்தான். ஆனாலும் திறந்த வெளியில் பறவை உட்கார இன்று இருக்கும் கிளை அது ஒன்றே. அதன் அடியில்தான் சின்னானின் எச்சத்தோடு விதை விழுகிறது, அரைநிழலும் அங்கேதான். மூன்றில் ஒரு பங்காக, கீழே நாட்டுக் கன்று தலைக்கு மேல் வளர்ந்த இடத்தில் மட்டும், பல ஆண்டுகளில் எடுக்க வேண்டும். யூகலிப்டஸ் வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும் என்பதால் இரண்டு ஆண்டுக்குத் துளிரைக் கிள்ளும் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரும்பாலான நடவுத் திட்டங்கள் சாகும் இடம் களையெடுப்பு. முதல் மூன்று ஆண்டும் ஆண்டுக்கு மூன்று முறை கன்றைச் சுற்றிக் களை எடுக்க வேண்டும். உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் மும்மடங்காகத் துளிர்க்கும். பூக்கும் முன்பே, தரைக்குக் கீழே வேர்க்கழுத்தில் வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். இதைவிட முக்கியமானது, கத்தி இறங்கும் முன்பு கன்று தெரிந்த ஒருவர் முன்னே நடந்து, நட்ட கன்றையும் தானாக முளைத்த நாட்டுக் கன்றையும் குச்சி நட்டு, வண்ணத் துணி கட்டி அடையாளம் காட்டுவது. ஏக்கர் கணக்கில் கூலி பேசிய ஒப்பந்த வேலையில் இது நடப்பதில்லை. எல்லாம் சேர்ந்து வெட்டுப்பட்டு, “துப்புரவு முடிந்தது” என்று பில் போகிறது. மிளா மானும் காட்டுமாடும் கடிக்கும் கன்றுகளும் இருக்கும். அது காட்டின் பங்கு. மாற்றுக் கன்றாக ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வளர்த்துக்கொண்டால் போதும், மலை முழுக்கக் கம்பி வேலி தேவையில்லை.

தோட்டத்தின் வடிகால்களையும் விட்டுவிடக் கூடாது. தேயிலைக்கு நீர் நிற்கக்கூடாது என்று சரிவு முழுதும் வெட்டிய கால்வாய்கள் மழைநீரைச் சேர்த்து வேகமாக ஓடைக்குத் தள்ளுகின்றன. இடையிடையே தளர்வாகக் கல் அடுக்கினால் நீர் மெதுவாக மண்ணில் இறங்கும், கைவிட்ட பாதைகளில் மண்சரிவும் குறையும். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்தது போன்ற மழையைக் காடு தடுத்து நிறுத்திவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் சாதாரண ஆண்டுகளில், மார்ச், ஏப்ரலில் ஓடையில் எவ்வளவு நீர் வரும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சரிவுகளின் மண்தான். பாறைமேல் இயற்கையாக இருக்கும் புல்வெளியில் மட்டும் ஒரு கன்றும் வைக்கக் கூடாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளியை ‘வெற்றிடம்’ என்று கருதிச் அந்நிய இனமான சீகை மரத்தை நட்டதன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய வன நிலை அறிக்கையின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து விழுக்காடு மர மூட்டமும் இருந்தால் அது ‘வனப்பரப்பு’. எந்த மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி இல்லை. சில்வர் ஓக் அடர்ந்த தேயிலையும் வெடிப்பலாக் காடும் அந்தக் கணக்கில் ஒரே பச்சை. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்கும் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கோடு மட்டும் அளந்தால், மாஞ்சோலையில் எதுவுமே செய்யாமல் விட்டாலும் வெற்றி என்றுதான் காட்டும். ஆகவே நிலையான மாதிரிப் பாத்திகள் குறித்து, ஒவ்வொரு கன்றுக்கும் எண் கொடுத்து, ஆறாம் மாதம், ஒன்று, இரண்டு, ஐந்து, பத்தாம் ஆண்டுகளில் உயிரோடு இருப்பது எத்தனை, எந்த இனம் என்று எண்ணிப் பொதுவில் வெளியிட வேண்டும்.

இதற்கெல்லாம் கை வேண்டும். சரிவில் நாள் முழுதும் நின்று கவாத்து வெட்டத் தெரிந்த கை, எந்த ஓடை எந்த மாதம் பெருகும் என்று தெரிந்த கண், இரண்டும் மாஞ்சோலைத் தொழிலாளர் குடும்பங்களிடம் இருக்கின்றன. மூன்று நான்கு தலைமுறை உழைப்புக்குப் பிறகு அவர்களை வெறும் கையோடு சமவெளிக்கு இறக்கிவிட்டு, பிறகு வெளியூர் ஒப்பந்தக்காரரை வைத்து அதே சரிவில் களையெடுப்பது அநியாயம், வேலைக்கும் கேடு. மரத்தையும் விதையையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய காணி மக்கள் சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழிப் பக்கம் இருக்கிறார்கள். விதை சேகரிப்பும் நாற்றங்காலும் அவர்கள் கையில் இருக்கட்டும். குறைந்தது பத்தாண்டுக்கு, மாதச் சம்பளத்தில், வருங்கால வைப்பு நிதியோடு. ஏனெனில் களையெடுப்பு பருவ வேலை என்றாலும் விதை பொறுக்குவதும் பாத்தி எண்ணுவதும் ஆண்டு முழுதும் உண்டு.

வனத்துறையிடம் நாங்கள் கேட்பது மூன்று. குத்தகை முடியக் காத்திராமல், ஏற்கெனவே தன் வசம் உள்ள பகுதியில் நாற்றங்காலை இப்போதே தொடங்க வேண்டும். ஓடைக்கரை, காட்டோரம், நடுச்சரிவு, புல்வெளி என்று நிலத்தைப் பிரித்த வரைபடத்தை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். காலியாகும் பங்களாக்களைச் சுற்றுலா விடுதியாக்க மாட்டோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடங்களில் ஒன்றிரண்டை விதை பிரிக்கும் கூடமாகவும் கருவிகள் வைக்கும் அறையாகவும் பயன்படுத்தலாம். கூரை இன்னும் ஒழுகாமல் இருக்கும்போதே எடுத்துக்கொண்டால் புதிதாகக் கட்ட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
மழைக்காட்டு நாற்றங்கால், நடவுப் பணிகளில் உள்ள வாசகர்கள்,
அம்பாசமுத்திரம்.